முன்சில்லு பிடிக்காத வண்டி

பள்ளிவாசல்துறைக் கரையில் மீன் ஏற்றிய பிக்கப்பின் பின்சில்லுகள் அச்சுவரைக்கும் மணலில் இறங்கியிருந்தன. ஏழு பெண்கள் பின்னால் நின்று தள்ளினார்கள். சாரதி அத்தாஉல்லா எக்ஸிலேட்டரை மிதித்தபோதெல்லாம் சில்லு மணலை வாரி அவர்கள் முகத்தில் எறிந்தது. முதலாளி நூர்தீன் ஹாஜியார் குடைக்குக் கீழே நின்று, இன்னும் கொஞ்சம் மனசு வைத்துத் தள்ளும்படி கேட்டுக்கொண்டிருந்தார்.

சண்டை முடிந்த பிறகு ஒரு தொண்டு நிறுவனம் ஏலத்தில் விற்ற வண்டி அது. நாலு சில்லும் இழுக்கும் என்பதைக் கல்யாண வீட்டில்கூட ஹாஜியார் கதைப்பார். முன்சில்லுக்கான ஸ்விட்சை அழுத்தினால் பச்சை விளக்கு எரியும். இப்போதும் எரிந்தது. ஆகவே பிழை அத்தாஉல்லாவில்தான் என்று முடிவுகட்டிவிட்டார். கொழும்புக்குப் போகிற கூலர் லொறி தார் ரோட்டில் ஒன்பது மணிவரைதான் நிற்கும். அதற்குள் மீன் போய்ச் சேராவிட்டால் வேறு சாரதி பார்ப்பேன் என்றார். முன்சில்லு பிடிக்கவில்லை என்று மூன்று மாதமாகச் சொல்லிவந்த அத்தாஉல்லா, திரும்பவும் எக்ஸிலேட்டரை மிதித்தார்.

தள்ளியவர்களில் ஒருத்தி தவமலர். வன்னியிலிருந்து வந்து, இரண்டு வருடமாக மீனைத் தரம்பிரித்துப் பெட்டியில் அடுக்குகிறவள். கண்ணில் விழுந்த மணலைத் துடைத்துக்கொண்டு முன்சில்லுக்குப் பக்கத்தில் குனிந்தாள். கியரைப் போட்டு மெல்ல விடும்படி அத்தாஉல்லாவிடம் சொன்னாள். உள்ளே அச்சு சுற்றியது. சில்லு அசையவில்லை.

“விளக்கு எரியுதே புள்ள,” என்றார் ஹாஜியார்.

“அது எரியும் ஹாஜியார். ஸ்விட்சைப் போட்டா எஞ்சின் இந்த ரப்பர் ஹோசால காத்தை உறிஞ்ச வேணும். உறிஞ்சினா சில்லுக்குள்ள இருக்கிற ரப்பர்த் தட்டு இழுபட்டு, பல்லுப் போய் அச்சைப் பிடிக்கும். பிடிச்சாத்தான் சில்லு சுத்தும். ஹோஸ் வெடிச்சிருக்குது, காத்து இடையில போகுது.”

அவள் சில்லுப் பக்கத்து ஹோசைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினாள். உள்ளே டக் என்றது. விட்டதும் திரும்ப ஒரு டக். ஹாஜியாருக்கு நம்பிக்கை வரவில்லை. குடையை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, முழங்காலில் நின்று தானே உறிஞ்சினார். டக். முகம் மலர்ந்துவிட்டது. தாடியில் கிறீஸ் ஒட்டியதும் தெரியாமல் ஐந்தாறு தடவை உறிஞ்சினார். கூலர் லொறியை அத்தாஉல்லாதான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

வெடித்த துண்டை வெட்டி, இரண்டு முனையையும் இணைக்க ஒரு குழாய் வேண்டும் என்றாள் தவமலர். கரையில் குழாயாக இருந்தது ஹாஜியாரின் சட்டைப்பையில் இருந்த பேனை ஒன்றுதான். அது மக்காவுக்கு உம்ரா போனபோது வாங்கியது. நெடுநேரம் யோசித்து, உள்ளே இருந்த மைக்குச்சியை உருவி வைத்துக்கொண்டு கூட்டை மட்டும் கொடுத்தார். அவள் அதை ஹோசுக்குள் செருகி, மீன்பெட்டி கட்டியிருந்த சைக்கிள் டியூப் கீற்றால் இறுக்கிக் கட்டினாள்.

“எங்க புள்ள இதெல்லாம் படிச்ச?”

“சண்டை நேரம், அங்க ஒரு கராஜில,” என்றாள், முடிச்சைப் பார்த்தபடி. எந்தக் கராஜ் என்று ஒருவரும் கேட்கவில்லை. கூட வந்த வன்னிப் பெண் ஒருத்தி கடலைப் பார்த்தாள்.

பாரம் குறைய இருபது மீன்பெட்டிகளையும் இறக்கினார்கள். ஹாஜியார் அத்தாஉல்லாவை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறினார். ஸ்விட்சை அழுத்தினார். முன்சில்லுகள் மணலைக் கவ்வின. வண்டி ஒரு முனகலோடு மேலே வந்தது. பெண்கள் கைதட்டினார்கள். பெட்டிகளைத் திரும்ப ஏற்ற, மணல் இறுகிய இடத்தில் நிற்கும் என்று எதிர்பார்த்தார்கள். நிற்கவில்லை. தாழம்புதரைத் தாண்டித் தார் ரோடுவரைக்கும் போய்த்தான் நின்றது.

அத்தாஉல்லாவின் போன் அடித்தது. ஹாஜியாரின் குரல் எல்லாருக்கும் கேட்டது.

“நீ ஓட்டினா வரல்ல, நான் ஓட்டினா வருது. நாளைக்கு நீ வர வேணாம். இப்ப பெட்டியளத் தூக்கிட்டு வரச் சொல்லு. வண்டிய இனி மணல்ல இறக்கேலாது.”

பெண்கள் சும்மாடு சுற்றிக்கொண்டார்கள். ஐஸ் உருகிய தண்ணீர் பெட்டியிலிருந்து தலைமயிர் வழியாகக் கழுத்துக்கு இறங்க, சில்லுத் தடத்திலேயே வரிசையாக நடந்தார்கள். கடைசிப் பெட்டி பெரியது. அதன் ஒரு பிடியைத் தவமலரும் மற்றதை அத்தாஉல்லாவும் பிடித்துக்கொண்டார்கள். தார் ரோட்டிலிருந்து ஹாஜியார் விடாமல் ஹோர்ன் அடித்தார்.