எஃபி வீட்டுத் தேநீரும் ஒரு காற்றாலையும்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. இல்லை, பொய் என்பது பெரிய சொல். எங்கள் மாவட்ட மன்றத்தின் திட்டக் குழுவுக்குக் கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. சென்ற செவ்வாய் எழுதிய குறிப்பில் பொய்யான வரி ஒன்றுகூட இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்:

ஹேர்ஹோப் குன்றின் மேல் காற்று எப்போதும்… (அடித்துவிட்டேன். காற்றில் தொடங்காத காற்றாலைக் கதை உண்டா?)

எஃபி டர்ன்புல்லுக்கு வயது ஐம்பத்தெட்டு, ஆடுகள் நானூறு, துணைக்கு ஒரு… (விண்ணப்பப் படிவம் மாதிரி இருக்கிறது.)

"நான் அந்த வீட்ல டீ குடிச்சு ரெண்டு ஸ்கோன் சாப்பிட்டேன்" என்றார் ராப் லெய்ட்லா. (இது நடந்தது. ஸ்கோன் என்பது எங்கள் பக்கத்தில் டீயோடு தின்னும் சிறு ரொட்டி. இதையே வைத்துக்கொள்கிறேன்.)

2

எஃபி கேட்டது ஒரே ஒரு காற்றாலை. அனுமதி கிடைத்தால் அதன் வாடகையில் பண்ணை பிழைக்கும். கிடைக்காவிட்டால் குன்றை மரம் வளர்க்கும் நிறுவனத்துக்கு விற்க வேண்டும். அவர்கள் உச்சிவரை ஊசியிலை மரம் நட்டுவிடுவார்கள். ஆடும் போகும், எஃபியும் போவாள்.

குழுவில் ஏழு பேர். ஆதரவு நான்கு, எதிர்ப்பு மூன்று என்று ஊருக்கே தெரியும். நால்வரில் ஒருவர் ராப். எஃபியோடு ஒரே பள்ளியில் படித்தவர்.

வாக்களிக்கும் முன் குழு நேரில் போய் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே விண்ணப்பதாரரின் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கக் கூடாது. அன்று பார்த்து அடைமழை. ராப் முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் நனைந்தவனை வாசலோடு அனுப்புவது கொலைக்கு அடுத்த பாவம். மற்றவர்கள் பேருந்துக்குத் திரும்ப, எஃபி இவரை உள்ளே இழுத்துவிட்டாள்.

"காலுறையக் கழட்டு ராப். அடுப்பு மேல போடறேன்."

"காத்தாலையப் பத்தி ஒரு வார்த்தை பேசப்படாது எஃபி."

"பேச்ச எடுத்தது நீதான். ஸ்கோன் ஆறுது, சாப்பிடு."

கடைசிவரை ஒரு கிடாவின் நொண்டிக்காலைப் பற்றித்தான் பேசினார்களாம். (ராப் சொன்னது. நம்புகிறேன்.)

3

செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்புக்குச் சற்று முன் ராப் எழுந்து அந்த டீ, ஸ்கோன் வரியைச் சொன்னார். சட்ட அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னா நீங்க வெளிய போயிடணும் ஐயா" என்றார்.

ராப் கதவை நோக்கி நடந்தார்.

இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மீதே எனக்குச் சந்தேகம். யாரும் கேட்காதபோது இப்படி ஒருவர் உளறுவாரா? ஒரு காரணம் கொடுத்துப் பார்த்தேன்: எஃபியின் அப்பாவோடு ஒரு பழைய பகை, வேலித் தகராறு, அதனால்… (ஒட்டவில்லை.) ராப் அப்படித்தான். காற்றில் பறந்து வந்த தொப்பிக்குச் சொந்தக்காரரைத் தேடி மூன்று கிராமம் நடந்தவர்.

பார்வையாளர் பக்கமிருந்து எஃபி கத்தினாள்:

"அடப்பாவி! ஒரு கப் டீக்கா என் மலையக் குடுத்துட்டுப் போற?"

"சொல்லாம எப்படி எஃபி ஒக்கார்றது?"

"ஒக்காந்துதானே குடிச்ச!"

ராப் வெளியேறினார். கதவு மூடிக்கொண்டது. மூன்றுக்கு மூன்று. சமநிலை என்றால் தலைவருக்கு இன்னொரு வாக்கு. தலைவர் கில்பர்ட் ரென்விக் அதையும் எதிராகவே போட்டார். எஃபியின் ஏழு வருடக் காத்திருப்பு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. நான் எழுதினேன்: "திரு. லெய்ட்லா வெளியேறினார். தலைவரின் வாக்கால் அனுமதி மறுக்கப்பட்டது."

4

இனி நான் எழுதாமல் விட்டது.

அந்த மழை நாளில் ராப்பைக் கூப்பிடப் பின்கட்டு வழியாகப் போனேன். எஃபி முன்பக்கம் காலுறை பிழிந்துகொண்டிருந்தாள். ஆற வைத்திருந்த தட்டருகே கில்பர்ட் ரென்விக் நின்றிருந்தார். கழிப்பறை எங்கே என்று கேட்டு வந்தவர். வாய் நிறைய ஸ்கோன், மீசையில் ஜாம்.

கூட்டம் முடிந்து படிக்கட்டில் அவரைப் பிடித்தேன். "நீங்களும் சாப்பிட்டீங்களே, ஐயா?"

"நானா? நான் எங்க உக்காந்தேன், ரோனா? போற போக்குல நின்னுக்கிட்டே ஒண்ணு வாயில போட்டேன். அதெல்லாம் ஒரு விருந்தா?"

அவர் கண்ணில் துளி கள்ளமில்லை. ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் கதை எழுதுவது எவ்வளவு சுலபம்! பனிக்காலத்தில் என் வாசல் பனியையும் சேர்த்து வழித்துவிடுகிற பக்கத்து வீட்டுக்காரர்.

அவரும் வெளியே போயிருந்தால் மூன்றுக்கு இரண்டு. எஃபி ஜெயித்திருப்பாள்.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பேனா பிடிப்பவள் கூட்டத்தில் பேசக் கூடாது என்பது எங்கள் வழக்கம். (சரி, பயம். பயம்தான்.)

5

முடிவு அ: நான் சொல்கிறேன். தீர்ப்பு ரத்தாகிறது, என் வேலையும் போகிறது, பக்கத்து வீட்டோடு பேச்சும்…

முடிவு ஆ: நான் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காய் சோற்றில் மறைகிறது. குன்றில் மரம் முளைக்கிறது.

முடிவு இ: கில்பர்ட் தானே எழுந்து… (அடித்துவிட்டேன். ஒரு கதைக்கு ஒரு ராப் போதும்.)

வரும் செவ்வாய் காலை பத்து மணி. எஃபி மரக் கம்பெனிக்காரரைப் புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள். கூட்டம் தொடங்கியதும் கில்பர்ட், வழக்கப்படி, "போன கூட்டக் குறிப்பு சரியா இருக்கா? யாருக்காவது ஆட்சேபணை?" என்று கேட்பார். மூன்று விநாடி காத்திருப்பார். பிறகு கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அந்த மூன்று விநாடியை என்னால் எழுத முடியவில்லை. ராப்புக்கு விஷயம் தெரியாது. எஃபிக்கும் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும்.