கண்டாக்கு அக்கரைக்குப் போன வெள்ளிக்கிழமை

1

இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது பத்து விநாடிதான். போன ஆடி மாதம், இலங்கை மலைநாட்டில் நோட்டன் பிரிட்ஜ் பக்கம், ரோட்டோரத் தேத்தண்ணிக் கடையொன்றில் நின்றுகொண்டிருந்தேன். கீழே நீர்த்தேக்கத்தில் பாய் விரித்த சிறு படகு ஒன்று போனது. பாய் நீல நிறம். இரண்டு மனிதர்கள். முன்னால் ஒரு நாய், மூக்கைத் தூக்கிக்கொண்டு. பிறகு மழைப்புகை இறங்கி மறைத்துவிட்டது. கடைக்காரரிடம் கேட்டேன், அவர் பார்க்கவில்லை. மிச்சம் எல்லாம் நான் சேர்த்தது.

(நீர்த்தேக்கத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அந்தப் படகு எந்தப் பதிவிலும் இருந்திருக்காது. கற்பனைப் படகுக்காரனுக்கும் கரைச்சல் வரக் கூடாது.)

முதல் தொடக்கம்: ‘மலைகளின் மடியில் உறங்கும் நீல நீரில்—’. வெட்டினேன். அன்று தண்ணீர் சாயத் தேத்தண்ணியின் நிறத்தில் இருந்தது, உறங்கவும் இல்லை.

இரண்டாவது: ‘நாயைக் கொல்ல மரியரட்ணத்துக்கு மனம் வரவில்லை, ஆகவே—’. அதுவும் பொய். அவர் அப்படி நினைத்ததே இல்லை.

மூன்றாவது: ‘திங்கட்கிழமை மரியரட்ணம் லயத்துக் காம்பராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.’

இது நிற்கும்.

2

திங்கட்கிழமை மரியரட்ணம் லயத்துக் காம்பராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவருக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்தொரு வருடம் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில், கொழுந்து வாட்டும் இடத்தில் வேலை செய்தவர். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்திருக்கும்வரை, தோட்டம் கொடுத்த அந்த வரிசைவீட்டு அறை அவர்களுக்கு இருக்கும். அவர் ஓய்வு பெற்றார். கொழுந்து பறித்த மனைவி பெற்றீசியா இரண்டு வருடத்துக்கு முன் இறந்தாள். மகள் ஏஞ்சலா வத்தளையில் தையல் தொழிற்சாலையில் இருக்கிறாள். இனி அவர் அங்கேதான் போக வேண்டும். அது ஒரு மாடி அறை. வீட்டுக்காரம்மா நாய் கூடாது என்று ஏஞ்சலாவிடம் ஒருமுறை சொல்லவில்லை, மூன்றுமுறை சொல்லியிருந்தார்.

நாயின் பெயர் கண்டாக்கு. தோட்டத்தில் மலைக்கு மலை நடந்து வேலை பார்க்கும் உத்தியோகத்தரைத்தான் அப்படிச் சொல்வார்கள். குட்டியாக இருந்தபோதே அது பெற்றீசியாவின் பின்னால் மலைக்குப் போய், ஒவ்வொரு நிரையாக நின்று பார்த்துவிட்டு நகருமாம். அவள்தான் பெயர் வைத்தாள். உண்மையான கண்டாக்கு ஐயா கேள்விப்பட்டு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், நாயாவது நேரத்துக்கு வருகிறதே என்றாராம்.

(இந்தப் பகடியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுத்தால் பெற்றீசியா இந்தக் கதையில் இறந்தவளாக மட்டுமே இருப்பாள்.)

3

நாயை விட்டு வர அவர் முன்னரே ஒருமுறை முயன்றார். ஆட்டோவில் கினிகத்தேனைக்குக் கொண்டுபோய், தெரிந்த பேக்கரிக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் காலையில் வாசலைத் திறந்தபோது கண்டாக்கு படியில் கிடந்தது. பாதம் வெடித்திருந்தது. அவரைக் கண்டதும் வாலை ஆட்டியது. அவரை அது குற்றம் சொல்லவில்லை என்பதுதான் அவரால் தாங்க முடியாமல் போனது.

தரையில் கொண்டுபோன நாய் வழியைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரில் வாசம் நிற்காது என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பூனை, நாய் எதுவானாலும் தூரத்தில் விடுவதென்றால் அக்கரையில்தான் விடுவார்கள். அக்கரையில் மரக்கறித் தோட்டம் வைத்திருக்கும் சண்முகவடிவு, பன்றி விரட்ட ஒரு நாய் வேண்டுமென்று சொல்லியிருந்தாள். ரோட்டால் போனால் நீரைச் சுற்றிப் பதினொரு மைல். குறுக்கே அரை மைல்கூட இல்லை. ஆட்களை ஏற்றும் மோட்டார் படகில் நாய்க்கு இடமில்லை. அதனால் ஜூட்சனின் படகு.

ஜூட்சன் அனுமதியில்லாமல், களவாக மீன்வலை போடுகிறவன். எண்ணெய்ச் செலவுக்குப் பயந்து, கொழுந்துக்காரர்கள் இடுப்பில் கட்டும் நீலத் தார்ப்பாய்ப் படங்குகள் நாலைத் தைத்துப் பாயாக்கியிருந்தான்.

(அதில் ஒன்று பெற்றீசியாவின் படங்கு என்று எழுதி, ஒரு பகல் முழுக்க வைத்திருந்து, எடுத்துவிட்டேன். ஜூட்சன் நாலையும் கடையில் புதிதாகத்தான் வாங்கினான்.)

4

வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டார்கள். கண்டாக்கு ஏற மறுத்தது. நாலு காலையும் சேற்றில் ஊன்றிக்கொண்டது. மரியரட்ணம் முதலில் ஏறி உட்கார்ந்து, அதன் பக்கம் பார்க்காமல் இருந்தார். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே குதித்து ஏறி அவர் காலிடுக்கில் வந்து நின்றது. அவர் போகும் இடத்துக்குத்தானே தானும் போகிறது என்று நம்பி ஏறியது.

இந்த வரியோடு அவர்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவும் தெரிந்த ஆள் எப்படி அந்தப் படகில் உட்கார்ந்திருப்பார்? அவரை அழ வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. பிறகு நான் கண்ட அந்தப் பத்து விநாடிக்கே திரும்பிப் போனேன். அந்த நாய் மூக்கைத் தூக்கியிருந்தது.

ஆகவே: படங்கில் காற்று விழுந்தது. படகு சத்தமில்லாமல் நகர்ந்தது. நடுங்கிக்கொண்டிருந்த நாய் மெல்ல முன்னால் போய், முன்னங்கால்களைப் பலகையில் வைத்து, முழு நீரின் வாசத்தையும் இழுத்தது. காது இரண்டும் பின்னால் பறந்தன. மரியரட்ணம் சிரித்தார். சிரித்தது தனக்கே கேட்டதும் நிறுத்திக்கொண்டார். பேசாத காம்பராவில் இரண்டு வருடம் இருந்தவருக்குச் சொந்தச் சத்தமே வேற்றாள் சத்தமாக இருந்தது.

“மலை பாக்குது மாமா. நீங்க பயந்ததுக்கு, நாய் தொர மாதிரி வருது” என்றான் ஜூட்சன்.

5

முந்தைய பிரதியில் மூன்று மணிக்குக் காற்று மாறியது. படகு திரும்பியது. அக்கரையில் நாய் குரைத்துக்கொண்டு நின்றது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காற்றை நான் மரியரட்ணத்திடமிருந்து எடுத்திருந்தேன். முப்பத்தொரு வருடம், தொழிற்சாலை மாடியில், மூன்று மணிக்குக் காற்று மாறும்போது மேற்கு ஜன்னலைச் சாத்திக் கிழக்கு ஜன்னலைத் திறந்தவர் அவர். காற்று அவருக்குக் கைப்பாடம். நாயை விட்டுவிட்டு, மாறிய அந்தக் காற்றிலேயே திரும்பி வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

அக்கரையில் இறங்கிக் காத்திருந்தார்கள். மூன்று மணியானது. மூன்றரையும் ஆனது. படங்கு இன்னும் அக்கரைப் பக்கமே உப்பிக்கொண்டிருந்தது.

“எப்ப மாறும்?” என்று கேட்டார்.

“ஆடியில எங்க மாமா மாறும்? அது ஒங்க மாடிக் காத்து. தண்ணிக்கு மேல மேக்கால வாற மேல்காத்து மட்டுந்தான். நான் எப்பவும் இங்க தங்கிட்டு, விடியக் காத்து அடங்கினதும் வலிச்சுக்கிட்டு வருவேன். நீங்களும் தங்கத்தான் வாறீங்கன்னு நெனச்சேன்.”

தங்க முடியாது என்றார். ஒரே முற்றத்தில் நாயோடு கிடந்தால் காலையில் எழுந்து வர முடியாது என்று அவர் சொல்லவில்லை. மூட்டை கட்டும் வேலை இருக்கிறது என்றார். அப்படியென்றால் ரோட்டால்தான் போக வேண்டும்.

சண்முகவடிவு நாயின் கயிற்றை முற்றத்து மரத்தில் கட்டினாள். நாயின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள், காதைப் புரட்டிப் பார்த்தாள், நல்ல சாதி என்று மெச்சினாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“இன்னைக்கு ராவுக்கு மட்டுந்தான் கட்டுவேன் அண்ணே. விடிஞ்சா அவுத்துருவேன். கட்டிப்போட்ட நாயப் பாத்து எந்தப் பன்னியும் ஓடாது. நீங்க எதுல போறீங்க, பஸ்ஸுலயா?”

“நடந்து.”

“நடந்தா?” அவள் கீழே அவருடைய கால்களைப் பார்த்தாள். “நீங்க நடக்குற வழியெல்லாம் அதுக்குக் காயிதம் எழுதிப் போட்ட மாதிரி ஆயிருமே.”

6

முடிவுகள் மூன்று எழுதினேன்.

ஒன்றில் வீட்டுக்காரம்மா மனம் மாறினார். அதை எழுதிய அன்று நன்றாகத் தூங்கினேன். காலையில் கிழித்தேன்.

இன்னொன்றில் மரியரட்ணம் பஸ்ஸில் ஏறினார். ரோட்டில் அவருடைய வாசம் அந்த இடத்தோடு அறுந்தது. கண்டாக்கு சந்திவரை வந்து, சுற்றிச் சுற்றி மோந்து, திரும்பிப் போய்ப் பன்றி விரட்டியது. அதற்குச் சோறும் முற்றமும் இருந்தன. அவருக்கு மாடி அறை இருந்தது.

கடைசி முடிவில் பதினொரு மைலும் நடந்தார். சனிக்கிழமை விடிய அவிழ்த்துவிட்ட நாய் ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தால் அவர் என்ன செய்வார்? எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தால் அங்கே பூட்டிய கதவுதான் இருக்கும். அந்தக் கதவின் முன்னால் அது எத்தனை நாள் கிடக்கும் என்று எழுதத் தொடங்கி, ‘முதல் நாள்—’

இல்லை.

அவர் இப்போது சந்தியில் நிற்கிறார். மணி ஐந்து. தூறல். தூரத்தில் ஒருமுறை குரைத்த சத்தம் கேட்டது, வேறு நாயாகவும் இருக்கலாம். நடக்க வேண்டும் என்பது நல்ல எண்ணமா, தன்னை யாராவது தேடி வர வேண்டும் என்ற ஆசையா என்று அவரால் பிரிக்க முடியவில்லை. எழுதிய என்னாலும் முடியவில்லை.

வளைவில் பஸ் வருகிறது. அவர் கை காட்டவில்லை. அந்த நேரத்தில், அந்த ரோட்டில், தனியாக நிற்கும் ஆளுக்குச் சாரதி தானே நிறுத்துகிறார். ஏறுகிறாரா என்று சிங்களத்தில் கேட்கிறார். மரியரட்ணம் வாயைத் திறக்கிறார்.

அந்தச் சொல்லை நான் எழுதவில்லை. நீங்கள் சொல்லுங்கள். ஆனால் நின்று யோசிக்க அவகாசமில்லை. உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள், எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியவர்கள்.