உள்ளே நுழைந்ததும் போட்ட கையெழுத்து

நாற்பத்திரண்டு வயதில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினேன். அன்றிலிருந்து எனக்கு ‘வாத்தியார்’ என்று பட்டப்பெயர். மருந்தை மனிதர்களிடம் சோதிக்கும் முன், அது முறைதானா என்று பார்க்கும் குழுவிலும் அதற்காகவே என்னைச் சேர்த்தார்கள். ஆறு டாக்டர்கள், ஒரு வக்கீல், பொதுமக்கள் சார்பில் மூட்டை தூக்கும் நான்.

அன்று வந்தது நான் இருபது வருஷம் உழைத்த பஞ்சாலையின் விஷயம். தூசி இருமலுக்குப் புது மாத்திரை. பஞ்சு பிரிக்கும் பெண்களிடம் சோதிக்க வேண்டுமாம். என் கடைசித் தங்கை அங்கேதான் வேலை செய்கிறாள், ஆலை விடுதியிலேயே தங்கி. ஞாயிறு மட்டும்தான் பார்க்க விடுவார்கள். “நீ பாத்துட்டுச் சொல்லுண்ணே, அப்புறம் முழுங்குறேன்” என்றிருந்தாள்.

படிவத்தை விரல் வைத்துப் படித்தேன். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றிருந்தது. விலகுவதென்றால் பகுதி மேஸ்திரியிடம் சொல்ல வேண்டும் என்றும் இருந்தது.

“ஐயா, ஷிஃப்ட் போடுறதே மேஸ்திரிதான். அவர்கிட்ட யாரு வேணாம்னு சொல்லுவா?”

“நல்ல கருத்து. குறிச்சுக்கோங்க” என்றார் தலைவர்.

“குறிச்சா போதுமா? மாத்தணும்ல?”

“நீங்க இன்னும் ரெண்டாம் பக்கத்துல இருக்கீங்க. நாங்க அடுத்த ஃபைலுக்கே போயாச்சு” என்றார் வக்கீல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

கடைசியில் கையெழுத்துக் கேட்பார்கள், மறுத்துவிடலாம் என்று காத்திருந்தேன். டீ வந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. யாரும் கேட்கவில்லை. குமாஸ்தாவிடம் போனேன்.

“நீங்கதான் வந்ததுமே போட்டுட்டீங்களே.”

ஆலை வாசல் பழக்கம். உள்ளே நுழைந்தால் பதிவேட்டில் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் மறுவேலை. அன்றும் கதவருகே இருந்த வருகைத் தாளில் முதல் ஆளாகப் போட்டிருந்தேன்.

“பொதுமக்கள் ஆள் வந்திருந்தாதான் கூட்டம் செல்லும். வந்துட்டீங்க. மத்த ஏழு பேரும் சரின்னுட்டாங்க.”

“நான் ஒத்துக்கலையே.”

“அதான் குறிச்சிருக்கோமே.”

விடுதிக்குப் போன் போட்டேன். ஞாயிறு வாங்க என்று வைத்துவிட்டார்கள்.

ஞாயிறு தங்கை சிரித்துக்கொண்டே வந்தாள். “வியாழக்கிழமை மாத்திரை குடுத்தாங்க. யாருமே தொடல. மேஸ்திரி ஒரு தாளக் கொண்டாந்து காட்டினாரு. முதல் ஆளா உன் கோணக் கையெழுத்து. வாத்தியாரே போட்டுட்டாருன்னு எல்லாரும் முழுங்கிட்டோம்.”

“நான் ஒத்துக்கவே இல்ல. விட்டுரு. எப்ப வேணும்னாலும் விலகலாம்னு எழுதியிருக்கு.”

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. “யார்கிட்டண்ணே சொல்லணும்?”

படித்தவன் நான்தானே. சொன்னேன்.

“மேஸ்திரிகிட்ட.”