கறுத்த முத்துப் பூச்சு

"சிரிக்காத. அழாத. மூஞ்சி அசைஞ்சா பூச்சு வெடிச்சிரும்!"

வைரவநாதன் அவசர அவசரமாக அவள் கன்னத்தில் தேய்த்தான். மதுரை நாடகக் கம்பெனியில் பெண் வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் அவன். இலங்கையில் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக் காளியம்மன் திருவிழாவில் ராணி வேஷம் கட்டியவன். இன்று வேஷம் அவனுக்கில்லை. கொழுந்து பறிக்கும் தனலெட்சுமிக்கு.

எல்லாம் கங்காணி தம்பையாவால் வந்தது. வெள்ளிக்கிழமை அவள் அவருக்கு மூன்றாந்தாரம். அவளை யாரும் கேட்கவில்லை. பந்தக்கால் மட்டும் நட்டாயிற்று. துரையின் அனுமதித் துண்டுச் சீட்டில்லாமல் தோட்டத்தை விட்டுக் கிளம்பினால் ஜெயில். துரையிடம் சொல்லித் துண்டு வாங்கித் தர வேண்டியவரும் அதே தம்பையாதான்! பதுளையில் இருக்கும் அக்கா புஷ்பத்திடம் போய்ச் சேர்ந்துவிட்டால் கப்பலேறி ஊருக்கே போய்விடலாம். அதற்கு ஒரே வழி, நாடகக்காரர்களின் மாட்டுவண்டி.

"அடுத்த தோட்டத்துல மத்தியானமே ஆட்டம், வேஷத்தோட போறோம்னு சொல்லியாச்சு. வந்தது ஒரு ராணி, போறதும் ஒரு ராணி. நான் முண்டாசு கட்டி வண்டி ஓட்டுறேன். யாரு சந்தேகப்படுவா?"

டப்பியில் இருந்த பூச்சு மீன் செதில் போல மினுங்கியது.

"இது நெச முத்தாண்ணே?"

"முத்தாவது! பிஸ்மத்துன்னு ஏதோ உலோகமாம். திராவகத்துல கரைச்சு சீமையில செய்யிறான். பதுளை மருந்துக்கடை மொஹிதீன் பாய் குடுத்தாரு. கந்தகம் பட்டா கறுத்துப் போயிருமாம். இந்தக் காட்டுல கந்தகத்துக்கு எங்க போறது?"

அங்கேதான் சறுக்கினான்.

தோட்டத்து கேட்டில் வண்டியை மறித்தார்கள். அடுப்பில் ஒரு அண்டா கொதித்தது. அழுகிய முட்டை நாற்றம்! சொறி பரவுகிறதென்று காலையில்தான் துரை உத்தரவு போட்டிருந்தார். சுண்ணாம்பும் கந்தகமும் காய்ச்சிய தண்ணீரில் முகம், கை கழுவாமல் யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது.

வைரவநாதனின் முகம் பூச்சில்லாமலே வெளுத்தது.

"எறங்குங்க ராணியம்மா!" பிரம்பால் வண்டியைத் தட்டினார் தம்பையா. "என்னா ஆட்டம் ஆடுனீங்க! ஆம்பளைன்னு சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டேன். ஒரு வாளித் தண்ணிக்குப் பயந்தா எப்பிடி?"

முன்னால் கேட். பின்னால் ராணியைப் பார்க்க வந்த கூட்டம். தனலெட்சுமி இறங்கினாள். மருந்துக்காரன் ஆறவைத்திருந்த வாளியிலிருந்து ஒரு செம்பு மொண்டு அவள் முகத்திலும் கையிலும் வீசினான்.

சுரீரென்று எரிந்தது. குனிந்து கையைப் பார்த்தாள். வெள்ளை பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகிக்கொண்டிருந்தது. கூட்டம் அவள் முகத்தையே பார்த்தது.

"ஆத்தா!" என்று அலறினாள் கொழுந்துக்காரி கருப்பம்மா. "காளியாத்தா வந்துட்டாடீ!"

பிரம்பு கீழே விழுந்தது. அதன் மேலேயே தம்பையாவும் விழுந்தார்.

தப்பித்தோம் என்று நினைத்தாள். இல்லை! எழுந்த தம்பையா கத்தினார்: "மாட்ட அவுத்து விடுங்கடா! ஆத்தா எங்கள விட்டுட்டுப் போகக் கூடாது. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி மஞ்சத்தண்ணி ஊத்துவோம்!"

குடம் குடமாக ஊற்றினால் பூச்சு கரையும். உள்ளே இருப்பவள் வெளியே தெரிவாள். கைகள் அவளைக் கோயில் பக்கம் நகர்த்தின.

அப்போதுதான் கோயில் மூலையில் வாடிக்கொண்டிருந்த, ஆத்தா இறங்கிய கரகம் அவள் நினைவுக்கு வந்தது. திருவிழா முடிந்ததும் அதை ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட வேண்டும். விட்டவர்கள் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். தம்பையா விடவில்லை. தன் கல்யாணத்துக்கு ஆத்தா இருக்கட்டும் என்று தடுத்து வைத்திருந்தார்.

தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டாள்.

"டேய் தம்பையா! திருவிழா முடிஞ்சும் என்னைய ஏண்டா அடைச்சு வச்சிருக்க?"

அவர் கை கூப்பினார். "தப்புத்தான் ஆத்தா... வெள்ளிக்கெழம கழிச்சு..."

"ஒங் கல்யாணத்துக்கு நான் காவலா? தூக்குடா! ஆத்துக்கு அக்கரையில கொண்டுபோய் விடு!"

தூக்கினார். அவளைப் பிடிக்க வேண்டியவரே தோளில் சுமந்து கேட்டைத் தாண்டினார். பின்னால் தப்பு மேளம் முழங்கியது. அவர் வியர்வையில் அவள் கைக் கறுப்பு ஒட்டியது. பார்த்துவிடுவாரோ? பார்க்கவில்லை. அவர் கண்கள் தரையை விட்டு எழவேயில்லை.

அக்கரையில் இறக்கிவிட்டு முதுகைக் காட்டி நடந்தார். தண்ணீர் நடுவில் நின்றுவிட்டார்.

"ஆத்தா..." திரும்பாமலே கேட்டார். "எங் கல்யாணம்?"

"நடக்காது. போ!"

போய்விட்டார். கூட்டமும் போனது. வண்டி ஆற்றில் இறங்கி அவளருகே வந்து நின்றது. முகம் தீயாய் எரிய, அவள் குனிந்து இரு கைகளிலும் தண்ணீரை அள்ளினாள்.

"கழுவாத!" வைரவநாதன் வண்டியிலிருந்து குதித்தான். "கங்காணி ஆளுங்க துண்டு பாக்க பதுள ரோட்டு நெடுக நிக்கிறானுங்க. அக்கா வீடு போற வரைக்கும் நீ ஆத்தாதான்."

விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகியது. எரிகிற முகத்தோடு வண்டியில் ஏறி, கண்ணை உருட்டி விழித்தபடி உட்கார்ந்தாள்.