தொப்பூர் இறக்கத்தில் ஒரு நியூட்ரல்

மூன்று தலைமுறையாக டீசல் குடித்து வளர்ந்த எங்கள் லாரி கம்பெனி, போன மாதம் கரண்ட்டில் ஓடும் லாரி ஒன்றை வாங்கியது. நாமக்கல்லில் அதைப் பார்க்க நேரில் வராதவர் ஆஞ்சநேயர் ஒருவர்தான். அவர் கோயிலுக்குக் கூரை கிடையாது. நின்ற இடத்திலிருந்தே பார்த்திருப்பார்.

வாங்கியவர் முதலாளி முருகானந்தம். பாதிப் பங்குக்காரரான அவருடைய அண்ணன் சுவாமிநாதனுக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

“பெங்களூருக்கு முட்டை ஏத்திட்டுப் போயி, மக்காச்சோளத்தோட தானா திரும்பி வரட்டும். கயிறு கட்டி இழுத்துட்டு வந்தீங்கன்னா மொத்த லாரியையும் புரோக்கருக்குக் குடுத்துட்டுக் கம்பெனிய மூடிரலாம்” என்று சொல்லிவிட்டார்.

புக்கிங் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு வேறு என்ன வேலை? நானும் முதலாளியோடு கேபினில் ஏறிக்கொண்டேன். ஓட்டியவர் தங்கமுத்து.

போகும்போது ஒரு முட்டைக்குக்கூடத் தூக்கம் கலையவில்லை. திரும்பும்போதுதான் வந்தது வினை. நம்பிப் போன சார்ஜ் நிலையம் பாதியில் பழுதானது. அரை வயிறும் நிரம்பாமல் கிளம்பினோம். தர்மபுரி தாண்டித் தொப்பூரை நெருங்கும்போது மீட்டரில் பத்து சதவீதம். அடுத்த சார்ஜ் நிலையம் சேலத்தில், அதுவரை தாங்காது. முருகானந்தத்துக்கு வடிந்த வியர்வையில் மேட்டூர் அணை நிரம்பியிருக்கும்.

தொப்பூர் இறக்கம் வந்ததும் தங்கமுத்து சட்டென்று நியூட்ரலில் போட்டார். இறக்கத்தில் அப்படி உருளவிட்டு டீசல் மிச்சம் பிடிப்பது அவருடைய ஆயுள்காலப் பழக்கம்.

“கரண்ட்ட மிச்சம் புடிக்கறனுங்க, மொதலாளி.”

சோள மூட்டைகள் பின்னாலிருந்து தள்ள, வண்டி பறந்தது. செத்துப்போன என் பெரியப்பா மேலிருந்து கைகாட்டி இடம் ஒதுக்குவது எனக்குத் தெரிந்தது.

“கியர்ல போடு சாமி! பேரனுக்குக் காதுகுத்து வெச்சிருக்கறேன்!”

“பயமா இருந்தா எறங்கிக்குங்க, கிளார்க்கய்யா.”

“போடறயா, இல்ல உம்மடியில வந்து உக்காந்துக்கட்டுமா?”

மனுஷர் அவசரமாகக் கியரில் போட்டார், ஆக்சிலேட்டரிலிருந்து காலையும் எடுத்தார். யாரோ வாலைப் பிடித்து இழுத்ததுபோல வண்டி அடங்கியது. மீட்டரில் பத்து பதினொன்றானது. வளைவு தாண்டினால் பன்னிரண்டு.

முருகானந்தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி மீட்டரைப் பார்த்தார். “ஏனுங் கிளார்க்கண்ணா, ஏறுதுங்ணா! அட, டிரெய்னிங்ல சொன்னாங்களே, எறக்கத்துல கியர்ல வுட்டா சக்கரமே சார்ஜ் ஏத்தும்னு! தங்கமுத்து, உங் காதுல உழுகலயா?”

“உழுந்துச்சுங்க. பொய்னு நெனச்சனுங்க. எந்த எறக்கத்துலீங்க டீசல் ஊறிருக்குது?”

அடிவாரத்தில் பதினான்கு. வீட்டில் நான் நூறு என்றுதான் சொல்லியிருக்கிறேன். சேலத்தில் ஒயரைச் செருகும்போது மிச்சம் இரண்டு. வண்டி வயிறாரக் குடித்தது. முதலாளி அன்றைக்கு முதன்முறையாக ஒரு டீ குடித்தார்.

நாமக்கல் ஷெட்டில் சுவாமிநாதன் புரோக்கரோடு நின்று பழைய லாரிகளின் டயர்களை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டீசல் வண்டி என்றால் சத்தத்துக்கு ஊரே திரும்பியிருக்கும். நாங்கள் பூனைபோல அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றோம்.

“எங்க நின்னு போச்சோ, கயிறு எடுத்துட்டு ஆள் அனுப்போணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முருகானந்தம் ஜன்னலில் தலையை நீட்டினார். “மூட்டை எறக்க அனுப்புங்ணா, போதும்.”

சுவாமிநாதன் துள்ளிய துள்ளலில் கொல்லிமலையின் அந்தப் பக்கத்தையே பார்த்திருப்பார். தரைக்கு வந்ததும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, முன்னால் குனிந்து கயிறு கட்டிய தடம் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. புரோக்கர் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க, டீ சாப்ட்டுட்டுப் போறீங்களா?”

முருகானந்தம் கேபின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் விட்ட பெருமூச்சில் ஷெட்டுத் தகரம் ரெண்டு பறந்துபோனது.