அம்புக்குறி போட்ட குதிரை

விதவை மெஹிட்டபெல்லின் மர ஆலை வாசலில் பதினேழு பைன் அடிமரங்கள் கிடந்தன. அவள் காட்டில் வளர்ந்தவை, அவளே ஆள் விட்டு வெட்டியவை. ஆனால் நியூ ஹாம்ப்ஷயரில் ஓரடிக்கு மேல் பருத்த பைன் மரமெல்லாம் லண்டனிலிருக்கும் ராஜாவின் கப்பல்களுக்கு என்பது சட்டம்.

வனச் சர்வேயர் வின்ஸ்லேட் குதிரையில் வந்து இறங்கினார். ஒவ்வொரு மரத்திலும் கோடரியால் மூன்று கொத்து. அம்புக்குறி விழுந்தது.

“இனிமே இது ராஜா சொத்து. ஒருத்தரும் தொடக்கூடாது.”

“எங்க மண்ணுல வளந்ததுக்கு ராஜா என்ன தருவாரு துரை?”

“தொடாம இருந்தா உன்னை ஜெயில்ல போடமாட்டாரு. போதாதா?”

“அம்புக்குறி இருந்தா எதுவானாலும் ராஜாவோடதா?”

“எதுவானாலும்தான்!”

மெஹிட்டபெல்லின் முகம் மலர்ந்துவிட்டது. “பசியோட வந்திருப்பீங்க. உள்ள வாங்க துரை.”

பன்றிக்கறி போட்டு வேகவைத்த பீன்ஸை மூன்று தட்டு தின்றார். ஆப்பிள் மது எத்தனை குவளை உள்ளே போனதோ, நாற்காலியிலேயே குறட்டை விட்டார். நாத்தனார் டாமரிஸ் அதற்குள் தார்ச்சட்டியோடு தயாராக நின்றாள்.

முதலில் குதிரையின் சேணத்தில் ஓர் அம்புக்குறி. பிறகு குதிரையின் பின்புறம். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. பன்றிக்கு ஒன்று, பூசணிக்காய்களுக்கு ஒவ்வொன்று, கொத்த வந்த வாத்துக்கு ஒன்று.

“அண்ணி, உங்க முதுகைக் காட்டுங்க!”

“அடிப்பாவி, நான் ராஜாவுக்கு எதுக்குடி?”

சிரித்துச் சிரித்து இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சத்தம் கேட்டு அக்கம்பக்கமே கூடியது.

துரை கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்து சேணத்தில் கை வைத்தார்.

“தொடாதீங்க துரை!” என்று அலறினாள் மெஹிட்டபெல். “ராஜா சொத்து!”

“இது என் குதிரைடி!”

“எதுவானாலும்தான்னு சொன்னீங்களே! உங்களை ஜெயில்ல போட்டா எங்களுக்குத்தானே மனசு கஷ்டம்?”

கூட்டம் குதிரைக்கும் அவருக்கும் நடுவே நின்றுகொண்டது. ஒருவரும் அவரைத் தொடவில்லை, வழியும் விடவில்லை. திட்டிக்கொண்டே ஏழு மைல் நடந்தார் வின்ஸ்லேட். பாதி தூரம் வரை வாத்து அவரைத் துரத்திக்கொண்டு போனது.

ஆலை அன்றே ஓடத் தொடங்கியது. மூன்றாம் நாள் அவர் ஷெரீப்போடு வந்தபோது பைன் மரம் ஒன்றுகூட இல்லை. ஓரடிக்கும் குறைந்த ஒல்லிப் பலகைகள்தான் அடுக்கியிருந்தன. எதிலும் கொத்து இல்லை. ஷெரீப் வெளியே நின்ற பன்றியைப் பார்த்தார், தொப்பியால் வாயை மூடிக்கொண்டார். குதிரையை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் போதகர் மன்னருக்காக ஜெபிக்கத் தொடங்கினார். சிரிப்பில் டாமரிஸின் தோள் குலுங்கியது. மெஹிட்டபெல் உதட்டைக் கடித்தாள், பிரயோஜனமில்லை. இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார்கள்.