மருந்தடித்த பாதி

களைக்கொல்லி மருந்தடித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மழை கொட்டிவிட்டது. கோடையில் பத்து நிமிஷம் பெய்கிற மழைதான். முதுகில் ஸ்பிரேயரோடு பம்பு ஷெட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இலையில் ஒட்டியிருந்த மருந்தெல்லாம் மண்ணோடு போயிற்று. மேனேஜர் செம்மல் அன்று லீவு. மறுபடி அடிக்க மருந்து வேண்டுமென்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும்; நான் சொல்லவில்லை.

சேதராப்பட்டுப் பக்கம் இருக்கும் இந்த கோல்ஃப் மைதானத்தில் கோரைப்புல்தான் பெரிய தலைவலி. அஞ்சலாட்சியும் அவளோடு வரும் ஒன்பது பெண்களும் அதைக் கையால் பிடுங்கிவந்தார்கள். அந்த ஒன்பதில் ஒருத்தி என் மனைவி ஆனந்தமேரி. வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன் நான். அப்போது மேரியைக் கூட்டிவந்து வேலையில் சேர்த்தவள் அஞ்சலாட்சி. எனக்கு இங்கே மருந்தடிக்கிற வேலை கிடைத்தது பிறகுதான். செம்மல் ஒரு புல்தரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பெண்களிடமும் மறு பாதியை என்னிடமும் விட்டார். ஒரு மாதத்தில் எது சுத்தமாக இருக்கிறதோ அந்த முறைதான் இனி, மற்றவர்கள் வரவேண்டாம் என்றார். இந்த வேலையும் போனால் மறுபடி எழுந்திருப்பேனா என்று எனக்கே பயம். என் பாதிக்கு அடித்த மருந்து அந்த மழையில் போனதை மேரியிடம் மட்டும் சொன்னேன். அவள் சோறு போட்டாள்.

முப்பதாம் நாள் செம்மல் வந்தார். பெண்களின் பாதியில் அங்கங்கே இளங்கோரை தலைகாட்டியிருந்தது. என் பாதியில் ஒன்றுகூட இல்லை. நல்ல மருந்து என்று என் தோளில் தட்டிவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று பெண்களிடம் சொன்னார்.

நான் என் பாதிக்குள் இறங்கிப் பார்த்தேன். மருந்தில் செத்த கோரை பழுத்துக் காய்ந்து கிடக்க வேண்டும். இங்கே காய்ந்த தண்டு ஒன்றுகூட இல்லை. குனிந்து பார்த்தால் பென்சில் நுழைகிற அளவுக்குத் துளைகள். யாரோ கிழங்கோடு எடுத்திருக்கிறார்கள். தவக்காலம், ஒருசந்தி விரதம் என்று சொல்லி மேரி இரண்டு வாரமாக மற்றவர்களோடு மதியம் சாப்பிடப் போகாதது அப்போதுதான் உறைத்தது.

பத்துப் பேர் பிழைப்பு. வாயைத் திறந்திருக்கலாம். பயம் முந்திக்கொண்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அஞ்சலாட்சி என் பாதியில் உட்கார்ந்து புல்லை விலக்கினாள். ஒரு துளையில் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து மேரியைப் பார்த்தாள்.

"இன்னாம்மா தேடுற?" என்றார் செம்மல்.

"ஒண்ணுமில்ல சார்."

"அக்கா," என்றாள் மேரி.

அஞ்சலாட்சி திரும்பவில்லை. கட்டைவிரலால் அந்தத் துளையை அழுத்தி மூடினாள். உட்கார்ந்தபடியே நகர்ந்து, அடுத்ததையும் மூடினாள்.